காஞ்சி கதை

அந்த டிவிடிப் பெட்டியை நான் ஒரு தப்பான எண்ணத்தோடுதான் வாங்கினேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

2004 கோடை. எனக்கு 23 வயது. தம்புச் செட்டித் தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை. பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாவற்றையும் ரெக்சின் பையில் திணித்துக்கொண்டு ஆபீஸுக்கும் ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் நடக்க வேண்டும். நாளைக்கு நாலு நடை. நாலு நடையிலும் பர்மா பஜார் கண்ணில் படாமல் இருக்காது. பர்மாவிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவர்கள் பிழைப்புக்காகப் போட்ட கடைகள். நான் நடந்த காலத்தில் அங்கே சென்ட் பாட்டிலைவிட டிவிடிதான் அதிகம் விற்றது.

அட்டையில் ஓர் ஆணும் பெண்ணும். பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். மேலே ஜப்பான் எழுத்தோ சீன எழுத்தோ, கீழே ஆங்கிலத்தில் ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’. கடைக்கார பாய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “ஜப்பான் ஐட்டம் தம்பி, இப்பதான் வந்துச்சு” என்றார். அவர் அக்கம்பக்கம் பார்த்தது போலீஸுக்காக. நான்தான் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டேன். 450 சொன்னதை 250க்குப் பேசி முடித்து, பில் ஆஃப் என்ட்ரிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் வீடு திருவொற்றியூர் தேரடிக்குக் கிழக்கே, கடல் பக்கத்துச் சந்தில். அப்பா எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். அந்த வாரம் இரண்டாவது ஷிப்ட். ராத்திரி பன்னிரண்டுக்கு முன்னால் அவர் சைக்கிள் சத்தம் கேட்காது. அம்மாவும் ஆயாவும் படுத்த பிறகு சத்தத்தைக் குறைத்து முதல் தட்டைப் போட்டேன். விமான நிலையம். ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கும் ஓர் இளைஞன். அவனை அழைத்துப்போக வந்தவள் ஓயாமல் பேசுகிறாள், சிரிக்கிறாள். இருபது நிமிஷம் பொறுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நாற்பது நிமிஷம் ஆயிற்று. அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. திடீரென்று ஒரு கிதார் மட்டும் வெட்டியது, பாட்டு தொடங்கியது, பகுதி முடிந்துவிட்டது. ஏமாந்த கோபத்தில் தட்டைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். நான் இரண்டாவது பகுதியை அழுத்தினேன்.

மூன்றாவது ஓடும்போது ஆயா பாயில் எழுந்து உட்கார்ந்தாள். “யார்ரா அவ, ராவுல காஞ்சி காஞ்சினு கத்திகினு கீறா?”

அவன் பெயர் நாகாவோ கான்ஜி. ஆபீஸில் எல்லாருக்கும் அவன் நாகாவோ. அகானா ரிகா என்ற இந்தச் சிரிக்கிற பெண் மட்டும் அவனைக் ‘காஞ்சி’ என்று கூப்பிடுவாள். ரோட்டில், ரயிலடியில், மாடிப்படியில், ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி. டோக்கியோவில் ஒருத்தி காஞ்சிபுரத்தைக் கூவி அழைப்பதை எங்கள் சந்தில் கேட்டால் எப்படி இருக்கும்! இதில் இன்னொரு குழப்பம். அந்தத் திருட்டு டிவிடியின் ஆங்கில சப்டைட்டிலை யாரோ சீன மொழியிலிருந்து பெயர்த்திருந்தார்கள். பெயர்களைச் சீனர்கள் வாசிக்கிறபடியே போட்டுவிட்டார்கள். காதில் காஞ்சி, கண்ணில் வான்ஜி. காதில் ரிகா, கண்ணில் லீஷியாங். இந்த வான்ஜியும் லீஷியாங்கும் எப்போது திரைக்கு வருவார்கள் என்று நான் இரண்டு பகுதிவரை காத்திருந்தேன்.

நாலாவது ராத்திரியிலிருந்து அம்மாவும் சேர்ந்துகொண்டாள். சீரியல்கள் எல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வந்து சுவரில் சாய்வாள். “முதல்ல இருந்து போடு. எனக்குச் சொல்லு.” ஆக ஒரு நாளைக்கு ஒன்று என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். நான் தரையில் உட்கார்ந்து சப்டைட்டிலைப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும். அந்த ஆங்கிலம் எனக்கே பாதி இடத்தில் தடுக்கும். புரியாத இடத்தில் நானே கட்டிவிடுவேன். அம்மா பார்த்த கதையில் கால்வாசி நான் எழுதியது.

ஓரிடத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னேன். ரிகா தெருவில் நின்று, சிரித்த முகத்தோடு, காஞ்சியிடம் ஒன்று கேட்பாள். ஜப்பானில் அந்த நாடகத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் வசனம் அது. ஒரு பெண் ஓர் ஆணிடம் அவ்வளவு பட்டவர்த்தனமாக அப்படிக் கேட்டு அந்த நாட்டு டிவி அதற்குமுன் பார்த்ததில்லை என்பார்கள். நான் எதிர்பார்த்து வாங்கிய ‘ஐட்டம்’ அந்த ஒரு வரிதான். பக்கத்தில் அம்மா, பின்னால் ஆயா. “கல்யாணம் பண்ணிக்கலாமா காஞ்சினு கேக்குறா” என்றேன்.

“தைரியமான பொண்ணு” என்றாள் அம்மா. அந்தப் பொய்யின் மேல்தான் அம்மாவுக்கு அந்தக் கதையே நின்றது.

பிற்பாடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடித் தெரிந்துகொண்டது: ஃபுஜி டிவியில் 1991 ஜனவரியிலிருந்து மார்ச்வரை, திங்கள்கிழமை ராத்திரி 9 மணிக்கு ஓடிய நாடகம். மொத்தம் 11 பகுதிகள். கடைசிப் பகுதியை 32 சதவீத வீடுகள் பார்த்திருக்கின்றன. திங்கள் ராத்திரிகளில் டோக்கியோ தெருக்களில் ஆபீஸ் பெண்களைக் காண முடியாது என்று ஒரு பேச்சு உண்டாம். சாய்மோன் ஃபுமி என்ற பெண்மணி வரைந்த படக்கதையை டிவிக்கு எழுதியவர் சகமோட்டோ யூஜி. அப்போது அவருக்கு என் வயதுதான். ரிகாவாக நடித்தவர் சுசூகி ஹோனாமி, காஞ்சியாக ஓதா யூஜி. அந்தக் கிதார் பாட்டு ஓதா கசுமாசாவுடையது, 25 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. நான் பார்த்தது 13 வருஷம் தாமதமாக. பரவாயில்லை, ‘முத்து’வும் இங்கே வந்து மூன்று வருஷம் கழித்து 1998இல்தான் டோக்கியோவில் ஓடியது. நாங்கள் ரஜினியை அனுப்பினோம், அவர்கள் ரிகாவை அனுப்பினார்கள். கணக்கு நேர்.

ஆயாவின் கணக்கு வேறு. அவளுக்குச் சப்பான்காரன் என்றால் குண்டு போட்டவன். 1942 ஏப்ரலில் சப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது, ராயபுரத்திலிருந்து மாட்டு வண்டியில் பொன்னேரிக்கு ஓடிய குடும்பம் அவளுடையது. அப்போது பத்துப் பதினொரு வயது. பயம் தெளிந்து திரும்பி வந்த பிறகு, 1943 அக்டோபரில் ஒரு ஜப்பான் விமானம் நிஜமாகவே வந்து துறைமுகத்துப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. அந்தச் சத்தத்தை அவள் எங்களுக்கு வாயால் செய்து காட்டுவாள். அப்படிப்பட்டவள் ஐந்தாவது ராத்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “இவுங்களாடா அவுங்க? இவ்ளோ அழுவுறாங்களே.”

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. காஞ்சிக்குப் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த சாதோமி மேல் ஆசை. சாதோமிக்கு அவனுடைய சிநேகிதன் மிகாமி மேல். ரிகாவுக்குக் காஞ்சி மேல். ரிகா எதையும் மறைக்க மாட்டாள். பிடித்திருக்கிறது என்றால் பிடித்திருக்கிறது. காஞ்சி நல்லவன், ஆனால் நல்லவன் என்பதைத் தவிர அவனிடம் வேறொன்றும் கிடையாது. ஒரு முடிவு எடுக்கச் சொன்னால் ஷூவைப் பார்ப்பான். அந்தக் காலத்து டோக்கியோவில் கையில் போன் இல்லை. தெருமுனை போன் பெட்டியில் காசு போட்டுக் கூப்பிடுவார்கள், அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள், மழையில் நிற்பார்கள். எங்கள் ஆபீஸில் மானேஜரிடம் மட்டும் ஒரு நோக்கியா 1100 இருந்த காலம் அது. ஒரு ரூபாய்க் காசைக் கையில் வைத்துக்கொண்டு மஞ்சள் பூத் வாசலில் நின்றவனுக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

அதில் ஒரு காட்சி. ரிகா காத்திருக்கிறாள். காஞ்சி அவளைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். வாசலில் சாதோமி, கையில் ஒரு சட்டி. ஓதென் சமைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். முள்ளங்கி, முட்டை, மீன் உருண்டை எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. போகாதே என்று அழுகிறாள். அவன் போகவில்லை. ரிகா அங்கே நின்றுகொண்டே இருக்கிறாள்.

அம்மாவுக்கு ஆறவே இல்லை. “ஒரு சட்டி முள்ளங்கிக் கொழம்புக்கா அவள உட்டுட்டான்? கல்யாணம் பண்ணிக்கலாமானு அவ வாயத் தொறந்து கேட்டாளேடா!”

இதற்கு ஆயா ஒரு பதில் வைத்திருந்தாள். எங்கள் ஊர்க் கதைதான். திருவாரூரில் பரவையாரை விட்டுவிட்டு வந்த சுந்தரர் இங்கே சங்கிலியாரைப் பார்க்கிறார். கட்டிக்கொள்ள வேண்டுமானால் ஒற்றியூரை விட்டுப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சந்நிதியில் சத்தியம் செய்கிறேன், அந்த நேரத்துக்கு நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று சுவாமியிடமே தந்திரம் பேசிக்கொள்கிறார். சுவாமி சங்கிலியார் கனவில் போய், சத்தியத்தை மகிழ மரத்தடியிலேயே வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுகிறார். மாட்டிக்கொண்டார். சத்தியம் செய்தார், கட்டிக்கொண்டார், கொஞ்ச நாளில் திருவாரூர் ஞாபகம் வந்துவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டிய உடனே இரண்டு கண்ணும் போயிற்று. அந்த மகிழ மரம் கோயிலில் இன்றைக்கும் நிற்கிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று அந்தச் சத்தியத்தை வருஷா வருஷம் நடத்துகிறோம். ஊரே கூடி நின்று ஒரு மாப்பிள்ளையின் வாக்கை வாங்குகிற திருவிழா.

“நம்ம ஊர்ல வாக்கு தவறனவனுக்குக் கண்ணு போச்சி” என்றாள் ஆயா. “அப்பால காஞ்சில போய்தான் ஒரு கண்ணு திரும்ப வந்துச்சி. இந்தக் காஞ்சிக்கு எந்தக் கண்ணுமே இல்ல போல.”

சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். திரைக்கதை விமரிசனம் என்று எவ்வளவோ படித்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

கடைசிப் பகுதி. ரிகாவுக்கு லாஸ் ஏஞ்சலிஸ் கிளைக்கு மாற்றல். யாரிடமும் சொல்லாமல் அவள் காஞ்சியின் சொந்த ஊரான எஹிமேவுக்குப் போகிறாள். அவன் தேடிக்கொண்டு போகிறான். 4.48 வண்டிவரை பைஷின்ஜி ஸ்டேஷனில் இருப்பேன், மனசு இருந்தால் வா என்று சொல்லிவிட்டுப் போகிறாள். சின்ன ஸ்டேஷன், பிளாட்பாரத்தை ஒட்டியே கடல். அவன் ஓடிவருகிறான். வண்டிக்கு நேரம் இருக்கிறது, அவள் இல்லை. அதற்கு முந்தைய 4.33 வண்டியில் ஏறிப் போய்விட்டாள். பிளாட்பாரக் கம்பியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருக்கிறது. அதில் லிப்ஸ்டிக்கால் ‘போய்வருகிறேன் காஞ்சி’ என்கிற மாதிரி இரண்டு வார்த்தை. போகும் வண்டியில் அவள் உடைந்து அழுகிறாள். பார்க்க அவன் அங்கே இல்லை.

அப்பா அப்போதுதான் உள்ளே வந்தார். சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். “யாராச்சும் செத்துட்டாங்களா?”

“இல்ல, ரயில் போயிடுச்சி” என்றாள் அம்மா.

பிறகு அவருக்குச் சோறு போட்டபடி அவள் சொன்னதுதான் எனக்கு அந்த நாடகம். “அழுத புள்ளைக்குத்தான் பால்னு சும்மாவா சொன்னாங்க. அந்த முள்ளங்கிக் கொழம்பு அழுதுகினே இருந்துச்சி, கெடச்சிடுச்சி. இது சிரிச்சிகினே இருந்துச்சி. சிரிக்கிறவளுக்கு இன்னா கொறச்சல்னு எல்லாரும் உட்டுட்டாங்க.” கொஞ்சம் பொறுத்து, “அவ சும்மா சும்மா சொல்லுவாளே, டைஜோபு டைஜோபுனு, அது இன்னா?” என்று கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கீறேன்னு அர்த்தம்மா.”

“அது நான் சொல்றதாச்சே” என்றாள், சிரித்துக்கொண்டே. அப்பா மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் சிரித்துவிட்டுப் படுக்கப் போனேன்.

இனி என் கதை. இதில் நான் ரிகா இல்லை.

லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் டைப் அடிக்கிற பெண். கத்திவாக்கத்தில் ஏறுவாள், நான் திருவொற்றியூரில். சாயங்காலம் பீச்சிலிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர். இதற்குள் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசினோம். பேச எனக்கு விஷயம் வேண்டுமே. காஞ்சி கதையைத் தினம் ஒரு பகுதியாகச் சொல்ல ஆரம்பித்தேன். சிக்னல் விழாமல் கொருக்குப்பேட்டையில் வண்டி நின்றுவிட்டால் எனக்குச் சந்தோஷம், கதை நீளும். எங்கள் பக்கத்துக் காதலர்களுக்கு ரயிலை விட்டால் இடம் கிடையாது. துறைமுகத்துக்குக் கல் போட்டுக் கடலைத் தடுத்ததில் மணல் எல்லாம் தெற்கே சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே ராயபுரத்திலிருந்து எங்கள் கரையைக் கடல் தின்றுகொண்டே வந்தது. உட்கார மணல் அவர்களுக்கு, அலை அடிக்கக் கருங்கல் எங்களுக்கு. சினிமாவில் காதலர்கள் எங்கே உட்கார்கிறார்கள் என்று பாருங்கள், நான் சொல்வது புரியும்.

கைக்குட்டைக் காட்சியைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கத்திவாக்கம் ஸ்டேஷன்ல கட்டிப் பாரு. பத்து நிமிஷத்துல எவனாச்சும் எடுத்து மூக்கு சிந்துவான்.” பைஷின்ஜியில் இன்றைக்கும் ரசிகர்கள் வந்து அந்தக் கம்பியில் கைக்குட்டை கட்டிவிட்டுப் போகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. “ஆனா, 4.33னா 4.33க்கே வண்டி வருமா?” என்று அவள் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் வழித்தடத்துக்காரிக்கு அந்த நாடகத்தில் நம்ப முடியாதது அதுதான். அன்றிலிருந்து என்னை அவள் காஞ்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் பெருமைப்பட்டேன். அது பெருமைப்படுகிற பேர் இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கடல் கல்லைத் தாண்டி வந்தது. ஆயாவை நானும் அப்பாவும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு ஓடினோம். எங்கள் சந்துவரை தண்ணீர் வரவில்லை, குப்பங்களில் புகுந்துவிட்டது. காசிமேட்டில் விசைப்படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரு புது வார்த்தை. சுனாமி. ஜப்பான் வார்த்தை என்று டிவியில் சொன்னார்கள். ‘ட்சு’ என்றால் துறைமுகம், ‘நாமி’ என்றால் அலை. துறைமுக அலை. அதுவரை எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஜப்பான் வார்த்தை டைஜோபு ஒன்றுதான், இப்போது இரண்டாயிற்று. “சப்பான் பேரா?” என்று கேட்டுவிட்டு ஆயா அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

ரயிலில் என்னோடு வருகிறவளின் வீடு எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில், கடலைப் பார்த்தபடி. ஒன்பது நாள் அவள் வண்டியில் வரவில்லை. பத்தாவது நாள் வந்தாள். அதே சிரிப்பு. “வீட்ல எல்லாரும்?” என்று கேட்டேன். “ஒண்ணுமில்ல, நல்லாத்தான் கீறோம்” என்றாள். நான் நம்பினேன். நம்பிவிட்டு ஆபீஸ் கதை பேசினேன். அவள் அப்பாவின் படகும் வலையும் போனது, அவளுடைய தம்பி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது எல்லாம் வேறு ஒருவர் சொல்லி மாசம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். ஆறு மாசத்துக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அம்மா சொன்னது எங்கே போயிற்று என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நாடகம் பார்த்து அழுவது வேறு, எதிர் சீட்டில் இருப்பவளைப் பார்ப்பது வேறு.

2005 ஏப்ரலில், பீச் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், அவளே கேட்டாள். “உங்க வீட்ல நீ பேசுறியா, நான் வந்து பேசட்டா?” அம்மாவுக்காக நான் கட்டிச் சொன்ன பொய் வசனம் இருக்கிறதே, ஏறக்குறைய அதையே ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். பதினோரு ராத்திரி காஞ்சியைத் திட்டிய இந்த வாய் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

“பொறு, பாக்கலாம்” என்றேன். அக்கா கல்யாணம் முடியட்டும் என்றேன். உண்மையான காரணம் அது இல்லை. எங்கள் வீட்டில் மீன் இல்லாமல் சோறு இறங்காது. மீன் பிடிக்கிற வீட்டில் பெண் எடுப்பது என்றால் மட்டும் சித்தப்பா பெரியப்பா எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அவள், “டைஜோபு” என்று சொல்லிச் சிரித்துவிட்டு வண்டி ஏறினாள். நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை.

ஜூனிலிருந்து அவள் நான் போகும் வண்டிக்கு முந்தின வண்டியில் போக ஆரம்பித்தாள். நாடகத்துக்குப் பொருந்தட்டும் என்று இதைச் சேர்த்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம்; அவள் ஆபீஸில் நேரத்தை மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். நான் என் வேலையை அரை மணி முன்னால் முடித்துக்கொண்டு ஓடியிருந்தால் அந்த வண்டியைப் பிடித்திருக்கலாம். இரண்டு மூன்று முறை கிளம்பினேன்கூட. ஏதாவது ஒரு பில் ஆஃப் என்ட்ரி குறுக்கே வந்துவிடும். எனக்கு அதுதான் ஓதென் சட்டி.

அடுத்த வருஷம் அவளுக்குப் பழவேற்காட்டுப் பக்கம் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு 2009இல் ஆயிற்று. என் மனைவிக்கு இந்தக் கதை முழுக்கத் தெரியும். காஞ்சி என்ற பேரும் தெரியும். மின்சார பில் கட்டாமல் தள்ளிப்போடும் நாட்களில் அதை உபயோகிப்பாள். என் மகள் கொரியா நாடகமாகப் பார்த்துத் தள்ளுகிறாள். அவற்றில் யாரும் யாரையும் முந்தின வண்டியில் விட்டுவிட்டுப் போவதில்லை, எப்படியோ பதினாறாவது பகுதிக்குள் சேர்த்துவைத்துவிடுகிறார்கள். எனக்கு ருசிக்கவில்லை. டோக்கியோ கதையையே 2020இல் மறுபடி எடுத்தார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது என்று கேள்விப்பட்ட உடனே பார்க்கிற எண்ணத்தை விட்டுவிட்டேன்.

ஆயா 2011இல் போய்விட்டாள். அப்பா ரிடையராகி, முழங்கால் வலியோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தேரடிக்கு இப்போது மெட்ரோ வந்துவிட்டது.

2023 மே மாதம், கேன்ஸ் விழாவில் சிறந்த திரைக்கதைக்கான பரிசு ‘மான்ஸ்டர்’ படத்துக்காகச் சகமோட்டோ யூஜிக்கு என்று செய்தி வந்தது. அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எந்தச் சகமோட்டோ என்று விளக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

“காஞ்சி கதையா? அதச் சொல்லு மொதல்ல.” கீரையைக் கீழே வைத்தாள். “அந்தப் பொண்ணு அப்பால கல்யாணம் பண்ணிகிச்சா?”

மூன்று வருஷம் கழித்துத் தெருவில் காஞ்சியைப் பார்க்கிறாள், அவன் சாதோமியைக் கட்டிக்கொண்டுவிட்டான், இவள் போன் நம்பர்கூடத் தராமல் கூட்டத்தில் போய்விடுகிறாள், நாடகம் அதோடு முடிகிறது என்று ஞாபகப்படுத்தினேன். கல்யாணம் ஆயிற்றா என்று அதில் சொல்லவில்லை.

“பண்ணியிருப்பா” என்றாள் அம்மா, கீரையைத் திரும்ப எடுத்தபடி. “அவ இன்னா காஞ்சியா, ஒக்காந்து யோசிச்சிகினு கெடக்க?”